அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி

எங்கள் கம்பெனி புரோகிராமுக்குள்ளே போக வழி இருந்தது. வெளியே வர வழி இல்லை. அப்படி ஒரு வழி வேண்டாமா என்று கேட்ட முதல் ஆள் நான்தான். கேட்டதற்குக் கிடைத்தது ஒரு சிரிப்பு.

இரண்டாயிரத்துகளின் பின்பாதி அது. திருப்பூரில் பகலில் பாதி நேரம் கரண்டு இருக்காது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் ஆபீஸில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கேட்ட சட்டை கேட்ட நாளில் கப்பல் ஏறுகிறதா என்று பார்ப்பதும், ஏறாவிட்டால் அவனிடமும் முதலாளியிடமும் மாறி மாறித் திட்டு வாங்குவதும் என் வேலை. தையல் நடக்கிற யூனிட் முதலிபாளையம் தொழிற்பேட்டையில் இருந்தது. அங்கே ஒரு லாட், அதாவது ஒரு தொகுதிச் சட்டை, தைத்து செக்கிங் முடிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள நாள் முழுக்கப் போன் செய்து தொண்டை கட்டிப் போகும். அதற்காகத்தான் முதலாளி கோயமுத்தூரிலிருந்து ஒரு புரோகிராமரைப் பிடித்து, இண்டர்நெட்டில் திறக்கிற மாதிரி ஒன்றை எழுதி வாங்கினார். அங்கே செக்கிங் பொறுப்பாளர் 'பாஸ்' என்று அமுக்கினால் இங்கே என் திரையில் ஒரு வரி வந்து விழும். யார் பாஸ் செய்தது, எந்த லாட், என்ன நேரம், கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம். உள்ளே இருப்பவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும்.

செய்து காட்டிய அன்றே கேட்டேன், வெளியே வர ஒரு பட்டன் வேண்டாமா என்று. எனக்குக் காரணம் இருந்தது. அதற்கு முன்னால் ஒருமுறை பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டரில் என் மெயிலைப் பார்க்க உட்கார்ந்தால், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண்ணின் மெயில் திறந்துகொண்டது. அவள் வெளியேறாமலே எழுந்து போயிருந்தாள். முதல் வரியைப் படித்துவிட்டேன். நான் படித்திருக்கக் கூடாத வரி அது. முன்பின் தெரியாதவர் வீட்டுப் படுக்கையறைக்குள் கால் வைத்துவிட்ட மாதிரி உடம்பு கூசியது.

"விண்டோவ மூடுனாப் போச்சுங்க்கா. அதுக்கு எதுக்குத் தனியா ஒரு பட்டன்?" என்று சிரித்தார் புரோகிராமர்.

முதலாளிக்கு அதைவிட நல்ல காரணம் கிடைத்தது. "ஏனம்மிணி, ஷிப்ட் முடிஞ்சு போற டெய்லரு மெஷின்ல நூலக் கழட்டிப் போட்டுட்டா போறான்? அடுத்து வர்றவன் உக்காந்ததும் ஓட்டோணுமல்லொ? அப்படித்தான் இதும்."

எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் நூல் கோப்பது லேசான காரியம் கிடையாது. அதனால் ஷிப்ட் முடிந்து எழுந்து போகிறவர் நூலை அறுக்கமாட்டார். ஒரு துண்டுத் துணியை ஊசிக்கு அடியில் வைத்து, கோத்தது கோத்தபடியே விட்டுப் போவார். அடுத்தவர் வந்து மிதித்தால் மெஷின் ஓட வேண்டும். நூலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். அந்த மரியாதையைக் கம்ப்யூட்டருக்கும் கொடுத்தோம். யாரோ ஒருவர் தன் பெயரைப் போட்டு உள்ளே போவார். பிறகு யார் உட்கார்ந்தாலும் அதே பெயரில் வேலை ஓடும். சாயங்காலம் திரையை மட்டும் அணைப்போம். கரண்டு போய் வந்தாலும் புரோகிராம் ஆளை மறக்காது. சும்மா சும்மா பாஸ்வேர்டு கேட்கிறது என்று நாங்களே நச்சரித்து வாங்கிக்கொண்ட வசதி அது.

முதலிபாளையம் யூனிட்டில் செக்கிங் பொறுப்பில் இருந்தவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அவளும் அம்மாவும் மட்டும் எங்கள் ஆபீஸுக்குப் பின்தெருவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். அம்மா பக்கத்து யூனிட் ஒன்றில் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டுகிற வேலை பார்த்தார். பெண்ணை நான் நேரில் பார்த்தது குறைவு. காலையில் யூனிட் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். எங்கள் பழக்கமெல்லாம் அந்தக் குறிப்புக் கட்டத்தில்தான். கட்டத்தைக் காலியாக விட்டால் புரோகிராம் வாங்காது. மற்றவர்கள் 'ஓகே' என்று போட்டுத் தொலைப்பார்கள். இவள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவாள். 'இங்க மழக்கா.' 'கரண்டு போச்சுக்கா.' எல்லாவற்றையும்விட அதிகமாக, 'சாப்டியாக்கா?' முதலாளி கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பதறும். "வேலையப் பாருடி கழுதை" என்று போனில் திட்டுவேன். திட்டிவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பேன். அவள் கேட்டுத்தான் நான் சாப்பிட்டேன் என்று சொன்னால் தப்பில்லை.

காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவுதான். இருபத்தைந்து வயதுகூட ஆகாத பெண்ணைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கியபோது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நம் சகோதரி கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள் என்று பாஸ்டர் ஜெபம் செய்தார். அம்மா அழவில்லை. பெட்டிக்குள் விரித்திருந்த வெள்ளைத் துணியின் ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. மூடுகிறவரைக்கும் அதை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக்கொண்டே இருந்தார்.

அது நடந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு மத்தியானம். கரண்டு இல்லை. தெருவில் ஒரு யூனிட்டிலும் மெஷின் ஓடவில்லை. திருப்பூரில் அந்தச் சத்தம் நின்றால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். பேட்டரியில் ஓடிய என் கம்ப்யூட்டரின் திரை மட்டும்தான் ஆபீஸில் வெளிச்சம். அதில் ஒரு வரி வந்து விழுந்தது. அவள் பெயர். லாட் எண். பாஸ். 'சாப்டியாக்கா?'

என் கண் முதலில் போனது டிபன் பாக்ஸுக்குத்தான். அது திறக்காமல் இருந்தது.

பேயாவது பிசாசாவது என்று ஊரெல்லாம் வாய்ச்சவடால் அடித்துத் திரிந்தவள் நான். அன்றைக்கு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தேன். பழைய பெயரே நிற்கும் என்பது தெரிந்ததுதான், அந்தக் கேள்வியை அடித்தது யார்? அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. யூனிட் மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, இப்ப லாட்டு பாஸ் பண்ணுனது யாருங்க?"

"நம்ம புது ஆளுதானுங்க. ஏனுங்க, பீஸ்ல ஏதாச்சும் கம்ப்ளெய்ண்டுங்களா?"

"உங்க ஸ்கிரீனக் கொஞ்சம் பாருங்க."

அந்தப் பக்கம் ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நான் அப்பறம் கூப்புடறனுங்க" என்று வைத்துவிட்டார். கூப்பிடவே இல்லை.

அன்றிலிருந்து எல்லா வரியும் அப்படித்தான் வந்தது. காலையில் வந்தவுடன் 'சாப்டியாக்கா?' மூன்று மணிக்கு 'சாப்டியாக்கா?' ஆபீஸைப் பூட்டக் கிளம்பும்போது 'சாப்டியாக்கா?' உயிரோடு இருந்தபோது மழை, கரண்டு என்று வாய் ஓயாதவள், இப்போது ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஷிப்மெண்ட் வேலைக்கு வந்து திறந்து பார்த்தேன். யூனிட்டில் ஒரு ஆள் கிடையாது, ஆனால் புள்ளி எரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு மணி நேரம் ஒரு வரியும் வராவிட்டால் மனசு அதைத் தேடியது. இரண்டும் நிஜம். ஒருநாள், "சாப்ட்டேன்டி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜை அக்கவுண்டண்ட் அன்றிலிருந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

யூனிட்டில் கதை வேறு மாதிரி ஓடியது. அந்தப் புது ஆள் ஒடிசாக்காரர். கல்யாணமாகி, பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். தமிழில் 'வாங்க', 'போங்க' தவிர ஒரு சொல் தெரியாது. அவர்தான் செக்கிங் மேஜையில் உட்கார்ந்து பாஸ் அமுக்குகிறார் என்பதை எல்லா டெய்லர்களும் பார்த்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

"தமிழே தெரியாத ஆளு தமிழ்ல சாப்டியான்னு கேக்கறானுங்க. கையி மட்டுந்தான் அவனுது. அடிக்கறது அவ" என்று என்னிடம் போனில் கிசுகிசுத்தார் ஓவர்லாக் டெய்லர் ஒருவர்.

மேனேஜர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க, மறுபடி சொருகி, புரோகிராமைத் திறந்திருக்கிறார். யாரும் ஒரு எழுத்தும் அடிக்கவில்லை. அவள் பெயரோடுதான் திறந்தது. அதற்கப்புறம் அந்த மேஜைப் பக்கம் டீக்காரர்கூடப் போகவில்லை. கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழமும் குங்குமமும் வைத்தார்கள். புதிதாக வேலைக்கு வந்தவருக்கு இந்த ஊர்க்காரர்கள் செய்கிற மரியாதை போலிருக்கிறது என்று அந்த ஒடிசாக்காரர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாராம். இதைக் கேட்டு நான் சிரித்தேன், சிரித்த வாயோடே திரையைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

இந்தப் பேச்சு யூனிட் வண்டியில் ஏறி வேலம்பாளையம் லைன் வீடுகளில் வந்து இறங்க எத்தனை நேரம் ஆகும்? ஒரு காலையில் அவளுடைய அம்மா ஆபீஸ் வாசலில் நின்றார். வெள்ளைச் சேலை. கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏம்மா, எம்புள்ள இன்னும் வேலைக்கு வாராளாமே?"

நான் திரையை அவர் கண்ணில் படாதபடி திருப்பினேன்.

"பாஸ்டரு நித்திரையில இருக்கான்னு சொல்லுதாரு. இங்கன வேல பாக்கான்னு ஊரே சொல்லுது. எது நெசம்?"

சத்தம் கேட்டு முதலாளி அறையைவிட்டு வெளியே வந்தார். கெட்டவர் இல்லை, மருத்துவச் செலவுக்கு முன்னால் நின்றவர். "அம்மா, அது கம்ப்யூட்டர் கோளாறுங்க. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்றார்.

"கோளாறுன்னா சரி பண்ணுங்கய்யா. செத்தும் எம்புள்ளைக்கு ஷிப்ட் முடியலன்னா நான் எப்படி ஒறங்குவேன்? ராத்திரியெல்லாம் அவ காலு வலிக்குதுங்கா. எங்கிட்ட வந்து சொல்லுதா. அவள வெளிய விட்டுருங்க. போயி ஒறங்கட்டும்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "என்ன அம்மிணி, வெளிய எடுத்துப் போடலாமுல்ல?"

"எடுக்கறதுக்கு வழியே வெக்கலீங்களே" என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. அவர் கோயமுத்தூருக்குப் போன் போட்டார்.

மறுநாள் புரோகிராமர் வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு நேராக முதலிபாளையம் போனார். ஒடிசாக்காரரை ஒரு லாட்டை எங்கள் கண் முன்னால் பாஸ் செய்து காட்டச் சொன்னார். அவர் குறிப்புக் கட்டத்துக்குப் போனார். கீழ்நோக்கிய அம்புக்குறியை ஒருமுறை தட்டினார். அவள் எப்போதோ அடித்ததெல்லாம் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வந்தது. அதிகம் அடித்தது மேலே நின்றது. அதைத் தேர்ந்தெடுத்து அமுக்கினார். அவ்வளவுதான். காலியாக விட்டால் வாங்கமாட்டேன் என்கிறது, அதனால் மேலே இருப்பதைப் போடுகிறேன், என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று இந்தியில் சொல்லிவிட்டு, தப்பு செய்துவிட்டேனா என்று எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

பெயருக்கும் விளக்கம் இருந்தது. "உள்ள வர்றப்ப கேட்ல ஒரு அட்டை குடுக்கறோம்னு வெச்சுக்குங்க. போறப்ப அதத் திருப்பி வாங்கோணும். வாங்கறதுக்கு நான் ஆளே நிறுத்தல. அட்டை இந்தக் கம்ப்யூட்டர்லயே கெடக்குது. யாரு உக்காந்தாலும் அந்தப் பொண்ணோட அட்டைலதான் உள்ள போறாங்க. விண்டோவ மூடுனாலும் அட்டை போகாதுங்க்கா. நாந்தான் அப்படி எழுதிட்டேன்" என்றார் புரோகிராமர். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பச்சைப் புள்ளியும் வெளியே போனால்தான் அணையும். வெளியே போக வழியில்லாததால் அது யாருக்கும் அணைந்ததே இல்லை. என் புள்ளி, முதலாளி புள்ளி எல்லாமே ராவும் பகலும் எரிந்துகொண்டுதான் இருந்தன. உயிரோடு இருக்கிறவர்களின் புள்ளியை யார் போய்ப் பார்த்தார்கள்?

எல்லாம் விளங்கிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பொத்தானைத் தட்டினால் நானும் அவளாகிவிடுவேன் என்பது பேயைவிட எனக்குக் கலக்கமாக இருந்தது. அவளுடைய அக்கறையை யாரோ முன்பின் தெரியாத ஒருவர் நாள் முழுக்க எனக்கு அனுப்பியிருக்கிறார். நான் அதற்குப் பதில் வேறு சொல்லியிருக்கிறேன். புரோகிராமரை நாலு அறை அறையலாம் போல இருந்தது.

இரண்டு நாளில் பட்டன் வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் புரோகிராமே ஆளை வெளியே அனுப்புகிற மாதிரியும் எழுதினார். முதலாளி நூலைப் பற்றி இந்த முறை ஒன்றும் பேசவில்லை. முன்னாலேயே உள்ளே போனவர்களுக்கு அது செல்லாது என்பதால், அவளை மட்டும் கோயமுத்தூரில் இருந்தபடியே அழித்துவிடுகிறேன் என்றார் புரோகிராமர். அதைச் சொல்ல நான் லைன் வீட்டுக்குப் போனபோது அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கேயோ இருந்து எவரோ அழிக்கதுக்கு அவ என்ன தப்பா எழுதுன எழுத்தா? நான் வாரேன். நானே அவள அனுப்பி வைக்கேன்" என்றார்.

ஆபீஸ் வண்டியில் அவரைக் கூட்டிப் போனேன். நாங்கள் உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு மெஷினாக நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எலுமிச்சம்பழத்தையும் குங்குமத்தையும் மேனேஜர் முன்னாலேயே எடுத்துவிட்டிருந்தார். புரோகிராமரும் கோயமுத்தூரிலிருந்து வந்து மேஜைப் பக்கம் நின்றார். ஒடிசாக்காரர் எழுந்து நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். அம்மா அதில் உட்கார்ந்து, மேஜையை ஒருமுறை உள்ளங்கையால் தடவினார். தன் பெண் வேலை பார்த்த இடத்தை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

திரையின் மேல் மூலையில் 'வெளியேறு' என்று இருந்தது. அம்மாவுக்கு வேதாகமம் படிக்கிற அளவுக்குத் தமிழ் தெரியும் என்பதால் புரோகிராமர் அதைத் தமிழில் போட்டிருந்தார். பக்கத்தில் அவள் பெயர், பச்சைப் புள்ளி.

"இத அமுக்குனா போயிருவாளா?"

"ஆமாங்கம்மா" என்றார் புரோகிராமர்.

அம்மா கண்ணை மூடி, உதடு அசைய ஜெபித்தார். மவுஸ் பிடித்துப் பழக்கமில்லாத கை. நான் அதன்மேல் என் கையை வைத்து அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினேன். "போ மக்கா. போயி ஒறங்கு" என்று சொல்லி அவரே அமுக்கினார். புள்ளி போயிற்று. எங்கோ பின்னால் ஒரு டெய்லர் மூச்சு விடுவது கேட்டது. அம்மாவின் முகம் இத்தனை நாளில் முதல்முறையாகத் தளர்ந்தது.

திரையில் இப்போது இரண்டு கட்டங்கள் இருந்தன. மேல் கட்டத்தில் அவள் பெயர் தானாகவே வந்து நின்றது. கீழ்க் கட்டம் காலி. அதற்குள் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி மறைந்தது. அம்மா குனிந்து பார்த்தார்.

"இது என்னது கேக்கு?"

"பாஸ்வேர்டுங்கம்மா. அதப் போட்டாத்தான் மறுபடி உள்ள வர முடியும்."

"அது ஆருக்குத் தெரியும்?"

"அவிகளுக்கு மட்டுந்தானுங்க."

அம்மா அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "அப்ப இனி சாப்டியான்னு உங்கிட்ட கேக்கமாட்டாளா?" என்றார்.

"கேக்கமாட்டாம்மா" என்றேன்.

மேல் கட்டத்தில் நின்ற பெயரையும் அழித்துவிடலாம் என்று புரோகிராமர் மவுஸுக்குக் கையை நீட்டினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க தம்பி. கொஞ்சம் பொறுங்க. அவளுக்குத் தெரியும்லா? அவ வந்து போடட்டும்."

சொல்லிவிட்டு, நாற்காலியில் ஒரு பக்கமாக ஒதுங்கி, இன்னொருத்தி உட்கார இடம் விட்டு உட்கார்ந்தார்.